பதவியும் பத்தொன்பது கடிதங்களும்

ஸாம்ஸன் ரஃபேல் ஹிர்ஷின் 'பத்தொன்பது கடிதங்கள்' (1836) பெரும்பாலும் ஒரு வைதிகரின் பிரசாரமாகவே படிக்கப்படுகிறது. ஆசிரியர் வகித்த பதவியோடு சேர்த்துப் படித்தால் அது வேறு புத்தகமாகிவிடுகிறது.

18ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மன் சிற்றரசுகளில் சிதறிக் கிடந்த யூதர்கள் பிரதேசவாரியாகக் கூடி வரியைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். மன்னர் அங்கீகரித்த பிரதேச ரப்பி அவர்கள் வழக்குகளைத் தீர்த்தார். அடுத்த நூற்றாண்டின் அரசுகள் இதைத் தம் இலாகாவுக்குள் இழுத்துக்கொண்டன. பாடன் 1809இல் யூதர்களுக்கு ஒரு மேல்சபையை நியமித்தது. வுர்ட்டம்பெர்க்கில் 1828ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக வந்த அமைப்புக்கு 'இஸ்ரவேலர் திருச்சபை மேலாணையம்' என்று பெயர். யூதர்களுக்கு ஏது திருச்சபை? நிர்வாகம் தனக்குத் தெரிந்த சொல்லையே அடுத்தவன் தலையிலும் கவிழ்க்கும்.

ஹிர்ஷ் 1830இல், 22 வயதில், ஓல்டன்பர்க்கின் பிரதேச ரப்பியானவர். சுற்றறிக்கைகள் எழுத வேண்டிய இடத்திலிருந்து, பென் உஸியேல் என்ற புனைபெயரில், நண்பனுக்குக் கடிதம் எழுதுகிறார். பதவியின் பாஷையைத் துறந்து ஒருவனோடு ஒருவன் பேசும் தளத்துக்கு வந்ததே இந்நூலின் பலம். ஆனால் ஒரு குறை உறுத்துகிறது. சந்தேகிக்கும் பெஞ்சமினுக்குக் கிடைப்பது முதல் கடிதம் மட்டும். மீதிப் பதினெட்டும் நஃப்தாலியின் பதில்கள். கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டதும் கேட்டவன் காணாமல் போகிறான்.

இதை உருவத்தில் நேர்ந்த பிசகு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மொராவியா முழுமைக்குமான தலைமை ரப்பி பதவியை விட்டு 1851இல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஒரு சிறு குழுவிடம் வந்தார் ஹிர்ஷ். 1854இல் 'யெஷுரூன்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சீர்திருத்தவாதிகள் கைக்குப் போய்விட்ட பொதுச் சமூகத்திலிருந்து, யூத மதத்தைத் துறக்காமலே விலக, 1876ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டம் வழிவிட்டது. அச்சட்டத்துக்காகப் போராடியவர் அவர். அதுவரை எனக்கு அவரோடு சம்மதமே. ஆனால் விலகும் உரிமையை விலகியே தீரவேண்டிய கடமையாக்கினார். வுர்ட்ஸ்பர்க்கின் ஸெலிக்மன் பேர் பாம்பெர்கர், அவரைவிட வைதிகத்தில் குறைந்தவரல்ல, 1877இல் மறுத்தார்: வைதிகர்களின் தேவைகளைப் பொதுச் சமூகம் கவனித்துக்கொள்கிற நிலையில் விலகல் கட்டாயமில்லை என்றார். ஹிர்ஷின் சபையினரிலேயே பெரும்பாலோர் விலகவில்லை.

ஸ்தாபனத்தை விட்டு வந்துவிடலாம். அதன் குரல் கூடவே வந்துவிடுகிறது. விலகாத அந்தச் சபையினர்தாம், நாற்பது ஆண்டுகள் கழித்து, பெஞ்சமினின் இரண்டாவது கடிதத்தை எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.