கதீட்டர் எங்கே என்று சொல்லும் உரிமை யாருக்கு?

நோயாளி படுத்திருக்கும் மேசைக்கடியில் மூன்று சுருள்கள் மெல்லிய காந்தப் புலத்தை எழுப்புகின்றன. தொடை நாளத்தின் வழியே இருதயத்துக்குள் போன கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் முனையில் ஒரு நுண்ணுணரி. எந்தச் சுருளின் புலம் எவ்வளவு வலுவாகப் படுகிறது என்று பார்த்து, முனை நிற்கும் இடத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் துல்லியத்தில் கணினி காட்டிவிடும். எக்ஸ்ரே கதிரும் குறைகிறது. பயோசென்ஸ் நிறுவனத்தின் 'கார்ட்டோ' கருவி இயங்கும் விதம் இது. 1997இல் அந்நிறுவனத்தை ஜோன்சன் அன்ட் ஜோன்சன் வாங்கியது.

இப்படிப்பட்ட கருவிக்குக் காப்புரிமை கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். கேட்பவர் தன் உத்தியை ஊரறிய எழுதிவைக்க வேண்டும். விண்ணப்பித்து 20 ஆண்டில் அது எல்லோருக்கும் பொது. நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இன்னும் நிதானமானது. உடலில் செய்யும் சிகிச்சை முறைக்கும் நோயறியும் முறைக்கும் காப்புரிமை இல்லை, அதற்குப் பயன்படும் பொருளுக்கு மட்டுமே உண்டு. வைத்தியரின் கைவேலைக்கு யாரும் கப்பம் கேட்க முடியாது. இலங்கையில் பதியாத காப்புரிமை இங்கே செல்லவும் செல்லாது. பல்லேகல கைத்தொழிற் பேட்டையில் ஒருவர் அப்படி இங்கே பதியாத காப்புரிமை ஆவணத்தைப் படித்து உணரி செய்து, மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியோடு உள்நாட்டில் விற்றால், காப்புரிமை குறுக்கே நிற்காது. அது செல்லுபடியாகும் நாட்டுக்கு ஏற்றினால்தான் வம்பு.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து கிளை விரிக்கும் 'பென்டாரே' போன்ற பயன்படுத்திய கதீட்டர்களை, அமெரிக்க அரச அனுமதியோடு சுத்திகரித்து மறுபடி விற்கிறது இன்னொவேட்டிவ் ஹெல்த் என்ற நிறுவனம். அவற்றை வாங்கிய வைத்தியசாலைகளுக்குத் தன் கார்ட்டோ நிபுணர்களை அனுப்ப பயோசென்ஸ் மறுத்தது. கருவி வைத்தியசாலையில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நின்று இயக்க ஆளில்லை. இன்னொவேட்டிவ் ஹெல்த் 2019இல் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் கலிபோர்னியா ஜூரி 14.7 கோடி டொலர் நட்டஈடு விதித்தது. போட்டிச் சட்டப்படி அது மும்மடங்காகும். மீள்பயன்பாட்டில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை எடைபோட வேண்டியது ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, விற்பவர் அல்ல.

காப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு. ஆளனுப்ப மறுத்துப் போடும் இந்தப் பூட்டுக்கு அது கிடையாது. நமது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் போட்டித் தடையை விசாரிக்க இடம் தருகிறது, மும்மடங்கு நட்டஈடு என்ற பல் அதற்கு இல்லை. ஆகவே கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற இடத்துக்கு இத்தகைய கருவி வாங்கும்போது, கேள்விப்பத்திரத்திலேயே மூன்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்: வேறு கம்பனியின் கதீட்டர் பொருந்துமா, நம் ஆட்களுக்குப் பயிற்சி உண்டா, பயிற்சிக்குப் பின் கம்பனி ஆள் இல்லாமல் கருவி ஓடுமா.