முஞ்சிறைச் சபையும் பார்த்திவசேகரபுரத்துச் சாலையும்

தொல்காப்பியம் அரங்கேறியது நான்மறை கற்றுத் தேர்ந்த அதங்கோட்டாசான் முன்னிலையில் என்கிறது அதன் பாயிரம். அந்த அதங்கோடு நம் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதி ஊரே என்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவருவது. தென்கோடியில் வேதக் கல்வி எப்படி நடந்தது என்பதற்குப் பாயிரத்தைவிட உறுதியான சான்றும் அதே வட்டாரத்திலேயே இருக்கிறது. அது ஆய்வேளிர் மன்னன் கோக்கருநந்தடக்கனின் செப்பேடு. கலியுக நாள் 14,49,087 என்று அதில் குறித்திருக்கிறது; அதாவது கி.பி. 866 ஆம் ஆண்டு.

முஞ்சிறைச் சபையாருக்கு உரிய நிலத்தை மன்னன் விரும்பினான். பறித்துக்கொள்ளவில்லை. மாற்று நிலம் கொடுத்து வாங்கி, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையின் முறைப்படி 95 சட்டர்களுக்கு (மாணவர்களுக்கு) ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், அமைத்தான். வேதகாலத்துச் சபையைப் பற்றி நூல்களில் எவ்வளவோ படிக்கிறோம். ஓர் அரசன் ஊர்ச் சபையோடு சரிக்குச் சரியாக நிலம் மாற்றிக்கொண்டதை இங்கே ஆவணமாகவே பார்க்கிறோம். இந்தச் செப்பேட்டில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

இடங்களும் வேதக் கிளை வாரியாக வகுக்கப்பட்டன. பவிழிய சரணம் எனப்பட்ட இருக்குவேதியருக்கு 45, யசுரின் தைத்திரீயருக்கு 36, சாமத்தின் தலவகாரருக்கு 14. அதர்வத்துக்கு இடமே இல்லை. தலவகாரம் என்னும் சைமினீய சாகை இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சில குடும்பங்களோடு நின்றுவிட்டது. அதற்கென்று 14 இடங்களை அன்றே ஒதுக்கி வைத்தது சிறிய செயல் அன்று.

ஓதத் தெரிந்தால் மட்டும் போதாது. இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். மூன்று இராச்சியங்களின் ஆட்சி நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சேர, சோழ, பாண்டிய நாடுகளையே இது குறிக்கிறது என்பர். ஒழுங்கிலும் கண்டிப்பு உண்டு. சக சட்டரை இகழ்ந்தால் தண்டம். சூதும் ஆயுதமும் விலக்கு. தடைவிதிக்கும் அளவுக்கு அவர்கள் கையில் ஆயுதம் இருந்திருக்கிறது!

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின், முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்லூரியில் 340 மாணவர் பயின்றனர்; அதர்வத்துக்கும் 10 இடங்கள் இருந்தன. அளவில் அதுவே பெரிது. ஆனால் அரசியல் நடைமுறையைத் தகுதியாகக் கேட்டது நம் சாலை. இரண்டிலும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை. அவர்கள் விளைவித்த நெல்தான் சட்டர்களுக்குச் சோறிட்டது. இதைச் சொல்லாமல் சாலையின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இந்தச் சாலைக்கு முன்மாதிரியான காந்தளூரில் 'கலமறுத்த' செயலைத்தான் முதலாம் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியின் தொடக்கத்தில் பொறித்தான். அது கடற்போரா, சாலையின் உணவு முறையைத் திருத்தியதா என்று அறிஞர் வாதிட்டு வந்தனர். நம் தேரூர்க் கவிமணி இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் இச்சாலைகளைப் படைப்பயிற்சியோடும் இணைத்துப் பார்த்தார். சட்டர்களிடம் கேட்கப்பட்ட தகுதியையும் அவர்களுக்கு விதித்த ஆயுதத் தடையையும் சேர்த்துப் படிக்கும்போது, நாராயணனின் கருத்தே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.