ஜேம்ஸ் பொண்ட் படங்களும் ஜோன் பாரியின் இசையும்

திரைப்படத்திலே இசை பெறும் இடம் யாது என்னும் வினா, பேசும்படம் தோன்றிய நாள் தொட்டே எழுப்பப்பட்டு வருவதாகும். காட்சிக்குத் துணை நிற்பதே இசையின் தொழில் என்பர் ஒரு சாரார். காட்சி சொல்லாததைச் சொல்வதே அதன் தொழில் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றினையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்றதோர் உரைகல், ஜேம்ஸ் பொண்ட் என்னும் பிரித்தானிய உளவாளியைத் தலைவனாகக் கொண்ட திரைப்படத் தொடராகும். ஈயோன் நிறுவனத்தாரின் அத்தொடரிலே 1962ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு வரை 25 படங்கள் வெளிவந்தன. தலைவனாக நடித்தோர் அறுவர், நெறியாளரோ பலர். இத்துணை மாற்றங்களுக்கிடையிலும் தொடர் தன் முகம் மாறாது நின்றது. அம்முகத்தைக் கண்ணாற் காண்பதினும் செவியாற் கேட்டறிதல் எளிது. அதனை ஒலியால் வரைந்தவர் ஜோன் பாரி.

1933இல் யோர்க் நகரிற் பிறந்த பாரியின் தந்தையார் வட இங்கிலாந்திலே படமாளிகைகள் நடத்தியவர். ஆதலின் திரையிசை பாரிக்கு இளமையிலேயே பழகியதாயிற்று. யோர்க் பேராலயத்தின் ஓர்கன் இசைஞராய் விளங்கிய பிரான்சிஸ் ஜாக்சனிடம் அவர் மேனாட்டுச் செவ்விசை பயின்றார். பின்னர் ஜாஸ் இசை வல்லுநர் பில் ரூசோவின் பாடங்களை அஞ்சல்வழி கற்றார். 1957இல் சொந்தமாக இசைக்குழுவொன்றும் அமைத்தார். பேராலயத்தின் கம்பீரம், ஜாஸின் துடிப்பு, நடனசாலையின் மின்கிற்றார் ஒலி ஆகிய மூன்றும் அவரிடத்தே ஒன்றாயின.

தொடரின் முதற்படமான ‘டாக்டர் நோ’ (1962) படத்துக்கு இசையமைத்தவர் மொன்ரி நோர்மன். முகப்பிசையைச் சீரமைத்துத் தருமாறு பாரி அழைக்கப்பட்டார். வி. எஸ். நைபோலின் ‘எ ஹவுஸ் போர் மிஸ்ரர் பிஸ்வாஸ்’ நாவலைத் தழுவிய இசைநாடகத்துக்கென முன்னர் இயற்றிய பாட்டொன்றிலிருந்தே நோர்மன் அம்மெட்டினை எடுத்தார். திரினிடாட் வாழ் இந்தியரைப் பற்றிய கதைக்கெனப் பிறந்த மெட்டு, பிரித்தானிய ஒற்றனின் இலச்சினையாகியமை வியப்புக்குரியது. பாரி அதனை விக் பிளிக் வாசித்த மின்கிற்றாரில் ஏற்றி, பித்தளை ஊதுகருவிகளின் முழக்கத்தை அதன்மேற் பொழிந்தார். மெட்டு எவருக்குரியது என்னும் பிணக்கு 2001இல் இலண்டன் உயர்நீதிமன்றம் வரை சென்றது. செய்தித்தாளொன்றின் மீது தொடுத்த அவதூறு வழக்கிலே நோர்மன் வென்றார். சட்டத்தின் முடிவு அது. திறனாய்வு நோக்க வேண்டியதோ, ஒரு படத்தின் முகப்பிசை நெடுந்தொடரின் மொழியாக விரிந்த வரலாறாகும். அவ்விரிவு பாரியின் கைவண்ணம்.

அம்முகப்பிசையின் அடித்தளத்திலே ஓர் ஓசை அலைகின்றது. நமது இசைமரபின் சொற்களாற் கூறுவதாயின், பஞ்சமத்தினின்று புறப்பட்டு, இரு தைவதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, மீண்டும் பஞ்சமத்துக்குத் திரும்பும் நடை அது. நிலைகொள்ளாமலும் செல்லுமிடத்தை உணர்த்தாமலும் சுழலும் அவ்வோசை ஐயத்தின் ஒலிவடிவம் எனலாம். ஒற்றனின் வாழ்வும் அத்தகையதே.

தலைப்புப் பாட்டையும் பின்னணியிசையையும் ஒருங்கே பாரி அமைத்த முதற்படம் ‘கோல்ட்பிங்கர்’ (1964). சேர்லி பாசியின் குரலில் முழங்கும் அப்பாட்டு வெறும் தோரணவாயிலன்று. அதன் மெட்டே துண்டு துண்டாகப் பிரிந்து படமெங்கும் பரவுகின்றது. பொன்மீது பேராசை கொண்டவனின் கதைக்கு, மின்னும் குளிர்ந்த உலோக ஒலிகளையே பாரி தேர்ந்தார். நோக்ஸ் கோட்டைப் பொற்களஞ்சியத்தைக் கொள்ளையர் அணுகும் காட்சியிலே, சில சுரங்களே கொண்ட அணிநடை இசை விடாது வளர்ந்து, வில்லனின் வெறியைப் படைநடையாக்குகின்றது. தலைப்புப் பாட்டு முதல் இறுதிச் சண்டை வரை ஒரே இழையில் நெய்யும் இம்முறையைப் பின்வந்தோரும் தழுவினர்.

விரைந்து செல்லும் காட்சிக்கு விரைந்த இசை என்பது எளிய வழி. பாரி பலவிடத்தும் அதனை விலக்கினார். ‘யூ ஒன்லி லிவ் ருவைஸ்’ (1967) படத்திலே ஒரு விண்கலத்தை மற்றொரு கலம் விழுங்குகின்றது. இன்றைய கண்ணுக்கு அவை பொம்மைக் கலங்களே. ஆயின் மெல்லத் தொடங்கி, மாறாத நடையிற் படிப்படியாகக் கனத்துவரும் இசை அக்காட்சிக்கு மருட்கையையும் அச்சத்தையும் அளிக்கின்றது. கண் நம்ப மறுப்பதைச் செவி நம்பவைக்கின்றது.

இங்கேயே ஒரு குறையும் எழுகின்றது. கொலையை விளையாட்டாகக் கருதும் கதைக்குப் பெருமிதச் சுவையை வாரி வழங்குவது தகுமா? மனிதர் மாய்கையில் இசை முழங்கினால், காண்போர் உள்ளம் துயருறாது களிக்கின்றது. பாரியின் ஆற்றல் இத்தொடரின் அறக்குறையை மறைக்கும் பொன்முலாமாகவும் பயன்பட்டமை மறுக்கவொண்ணாதது.

எனினும் முலாம் உரிந்து உட்பொருள் தோன்றும் இடமும் உண்டு. அது ‘ஒன் ஹேர் மஜெஸ்ரீஸ் சீக்கிரட் சேர்விஸ்’ (1969). இப்படத்துக்குப் பாரி அமைத்த தலைப்பிசையிற் பாட்டில்லை. ஆயின் பொண்டும் திரேசியும் காதல் கொள்ளும் பகுதியில், முதுமையும் நோயும் உற்றிருந்த லூயி ஆம்ஸ்ரோங்கின் கரகரத்த குரலிற் பாட்டொன்று ஒலிக்கின்றது. காலமெல்லாம் தமக்கே உரியது என்பது அதன் கருத்து. சொற்கள் ஹால் டேவிட் இயற்றியவை. மணநாளிலேயே மனைவி சுடப்பட்டு இறக்க, பொண்ட் அக்கருத்தையே வாய்விட்டுக் கூறுகின்றான். பாட்டின் மெட்டு மெல்லெனத் திரும்புகின்றது. முன்னர் உவகை தந்த சுரங்களே இப்போது அழுகையாகின்றன. மரணத்திற்கு உரிய கனத்தை இசை ஈண்டு கொடுத்துவிட்டது. அடுத்த கணமே முகப்பிசை முழங்கித் துயரைக் கலைத்துவிடுதல், தொடர் தன் துணிவுக்குத் தானே அஞ்சியதைக் காட்டுகின்றது.

பாரி 11 படங்களுக்கு இசையமைத்தபின், ‘த லிவிங் டேலைற்ஸ்’ (1987) படத்துடன் விடைபெற்றார்; 2011இல் மறைந்தார். அவர் பெற்ற 5 ஒஸ்கார் விருதுகளுள் ஒன்றேனும் இத்தொடருக்காக வழங்கப்பட்டதன்று. ஆயினும் பின்வந்தோர் அவரைக் கடந்து செல்ல இயலவில்லை. ‘கோல்டன்ஐ’ (1995) படத்திலே எரிக் செரா வேறுவழி சென்றபோது, ஒரு துரத்தற் காட்சிக்கு மட்டும் மற்றொருவரைக்கொண்டு பழைய பாணியிலே இசை அமைக்க நேர்ந்தது. ‘கசினோ ரோயல்’ (2006) படத்திலே டேவிட் ஆர்னல்ட் முகப்பிசையை முழுமையாக ஒலிக்கவிடாது இறுதிவரை காத்துவைத்தார்; தலைவன் தன் பெயர் கூறும் கணத்திலேயே அது ஒலித்தது. பொண்ட் மாய்வதாக முடியும் ‘நோ ரைம் ரூ டை’ (2021) படத்தின் முடிவில் ஒலிப்பதும் ஆம்ஸ்ரோங்கின் அப்பழைய பாட்டே. 1969இல் ஒரு கணத்திற் கலைக்கப்பட்ட துயருக்கு, 52 ஆண்டுகள் கழிந்தபின் இடம் கிடைத்தது.

துணை நிற்பது மட்டுமே இசையின் தொழிலாயின், படம் பழையதாகும்போது இசையும் பழையதாதல் வேண்டும். பொம்மைக் கலங்கள் பொம்மைகளாகவே தோன்றும் இந்நாளிலும் அவ்விசை அச்சுறுத்துகின்றது. அப்பாட்டு நெஞ்சை நெகிழ்விக்கின்றது. பாரி கதைக்குப் பின்னே நடந்தவரல்லர். கதை எட்டவேண்டிய இடத்திலே அவரது இசை முன்னரே சென்று காத்துநின்றது.