மேலாளரும் முகாமையாளரும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்கு ஆலைகளிலும் வார்ப்பகங்களிலும் வாகன உதிரிப்பாகக் கூடங்களிலும் ஒரு சூப்பர்வைசர் மேலாளராக உயர்ந்தால், அவருக்குக் கிடைக்கும் பயிற்சி அனேகமாக இரண்டு நாள்தான். நகரத்து ஓட்டலில் ஏ.சி. அறை, திரையில் படங்கள், மதியம் விருந்துச் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். முதல் நாள் வியூகச் சிந்தனை, மறுநாள் குழுத் தலைமை. இரண்டையும் இப்படிக் கூறு போட்டதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது என்பது என் வாதம். எங்கே போக வேண்டும் என்று சிந்திப்பதும், கூட வருபவர்களை நடத்திச் செல்வதும் ஒரே பழக்கம். பாக் நீரிணையின் இரு கரைகளும் இந்தப் பழக்கத்தை ஜப்பானியத் தர முறைகளிலிருந்து கற்றுக்கொண்டன. ஆனால் இந்தியா அதில் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டது, இலங்கை மறுபாதியை. கும்மிடிப்பூண்டி போன்ற ஓரிடத்துக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

ஒரு ரோலிங் மில்லை எடுத்துக்கொள்வோம். உலையில் பழுக்கக் காய்ந்த பில்லட் என்னும் எஃகுக் கட்டை, உருளைகளுக்கு நடுவே நுழைந்து, ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மெலிந்து நீண்டு, கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது. நடுவில் எங்காவது கம்பியின் முனை வழிகாட்டியை விட்டு நழுவினால், பின்னால் வருவது அத்தனையும் பாம்பு போலச் சுருண்டு துள்ளி வெளியே பாயும். மில்லை நிறுத்த வேண்டும். சிக்கிய இரும்பை கேஸ் கட்டரால் அறுத்து எடுத்து ஸ்க்ராப்பில் போட வேண்டும். இடுக்கி பிடித்து நிற்பவரின் உயிருக்கும் அந்த நொடியில் ஆபத்து. மேலாளரின் ரிப்போர்ட்டில் ஏறுவதோ மில் நின்ற நேரம் மட்டும். ஏன் நழுவியது என்று கேட்டால், வழிகாட்டி தேய்ந்திருந்தது என்று பதில் வரும். ஏன் மாற்றவில்லை என்றால், ஸ்டோரில் இருப்பு இல்லை. ஏன் இல்லை என்றால், வாங்கும் பிரிவு செலவைக் குறைக்க ஆர்டரைத் தள்ளிப்போட்டது. முந்தைய ஷிஃப்டிலேயே சத்தம் மாறியதை இடுக்கி பிடிப்பவரின் காது கண்டுகொண்டிருக்கும். அவரிடம் கேட்க ஆள் இல்லை. இனி இதே மில்லை முதலாளியின் நாற்காலியிலிருந்து பார்ப்போம். மின்சார உலையை உச்ச நேரத்தில் ஓட்டினால் கூடுதல் கட்டணம், இரவில் ஓட்டினால் தள்ளுபடி. ஆகவே உருக்குவது இரவில். வார்த்த பில்லட்டை ஆறவிட்டு, காலையில் மறுபடி எரிபொருள் செலவழித்துச் சூடேற்றுவது வீண். ஆறுவதற்குள் நேராக ரோலிங்குக்கு அனுப்பிவிட்டால் அந்த எரிபொருள் மிச்சம். கோடிக்கணக்கில் பணம் போட்டுச் செய்ய வேண்டிய மாற்றம் இது. வியூகம் என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மில் ராத்திரியில் நிற்காமல் ஓடினால்தான் பலிக்கும். நின்றால் பில்லட் குவியும், ஆறும், போட்ட கணக்கு முழுவதும் கரைந்துபோகும். ஆக அந்த முதலீட்டின் தலையெழுத்து தேய்ந்த ஒரு வழிகாட்டியிலும், அதன் சத்தம் கேட்ட ஒரு காதிலும் இருக்கிறது. அந்தக் காதிலிருந்து முதலாளியின் கணக்குவரை ஒரு வழி போட்டுத் தருவதுதான் மேலாளரின் வேலை. ஓட்டல் அறையில் அதைக் கற்றுத் தர முடியாது.

இந்தியாவில் இந்த வழியைப் போடும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. ஜப்பானில் 1962-இல் கவோரு இஷிகாவா முன்னின்று தொடங்கிய, தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி வேலையின் குறைகளை ஆராயும் தர வட்டங்கள், 1980-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்து பெல் ஆலைக்கு வந்தன. 1982-இல் இந்தியத் தர வட்ட அமைப்பும் உருவானது. ஆனாலும் கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் வட்டாரத்துக்கு நெருக்கமான கதை பாடியிலும் அம்பத்தூரிலும் நடந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருது வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. 2003-இல் ரானே பிரேக் லைனிங், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ் என்று பட்டியல் நீண்டது. பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்ற ஜப்பானிய ஆலோசகர்கள் ஆண்டுக்கணக்கில் வந்து, ஷாப் ஃப்ளோரில் நின்று கேள்வி கேட்டுக் கற்பித்தார்கள். இவர்கள் கைக்கொண்ட முறையின் உயிர்நாடி, கொள்கையை மேலிருந்து கீழே இறக்கும் விதம். நிர்வாக இயக்குநர் ஆண்டின் இலக்கை அறிவிக்கிறார். பிரிவுத் தலைவர் அதைச் செய்ய என்ன வேண்டும், எது முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். பந்து பிடிப்பது போல இலக்கு மேலும் கீழும் நாலைந்து தடவை போய் வருகிறது. ஒவ்வொரு முறை பந்தைத் திருப்பி எறியும்போதும் நடுத்தட்டு மேலாளர் தன் பிரிவுக்கு வெளியே பார்த்தாக வேண்டும். வியூகச் சிந்தனை அப்படித்தான் அவருக்குள் ஊறியது. 2007-இல் இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து தொடங்கிய தொலைநோக்கு உற்பத்தித் தலைவர்கள் திட்டத்தில், பேராசிரியர் ஷோஜி ஷிபா இன்னும் ஒரு படி மேலே போனார். பெரிய நிறுவனத்தின் மேலாளரையும் அதற்குச் சரக்குத் தரும் சிறிய பட்டறைக்காரரையும் ஒருவர் ஆலையை மற்றவர் போய்ப் பார்க்க வைத்தார். 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனை அருமையான பாதை ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. பந்து நிரந்தரப் பணியாளரைத் தாண்டிக் கீழே போவதில்லை. கும்மிடிப்பூண்டியில் இடுக்கி பிடிப்பவர் பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளி. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் காலத்திலிருந்தே ஓர் அச்சமும் படிந்திருக்கிறது. அவரை ஆலை நேரடியாக மேற்பார்த்து, பயிற்சி கொடுத்து, குழுவில் சேர்த்துக்கொண்டால், ஒப்பந்தம் வெறும் போர்வை என்று நீதிமன்றம் சொல்லிவிடக்கூடும். ஆகவே அவரிடம் பேசாமலிருப்பதே சட்டப்படி பத்திரம் என்று ஆகிவிட்டது. ஆலையின் சத்தத்தை அறிந்த காது ஆலையின் குழுவுக்கு வெளியே நிற்கிறது.

இலங்கை வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. நாம் மேலாளர் என்பவரை அங்கே முகாமையாளர் என்கிறார்கள். நம் வியூகம் அங்கே மூலோபாயம். மேலிருந்து ஆள்பவர் என்பது நம் சொல்லின் சாயல். முன்னால் நின்று தலைமை தாங்குபவர் என்பது அவர்கள் சொல்லின் சாயல். சொல்லை வைத்து நாட்டை எடை போடக் கூடாதுதான். இருந்தாலும் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் நடந்ததைப் பார்க்கும்போது அந்தச் சாயல் மனத்தில் தங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் அதன் பணிப்பாளர் மருத்துவர் விமல் கரந்தகொட ஐந்து எஸ் முறையைத் தொடங்கினார். வேண்டாததை விலக்கு, இருப்பதை ஒழுங்காக வை, சுத்தம் செய், அதையே நியமமாக்கு, பழக்கமாக்கு என்ற ஐந்து படிகள். அரசு மருத்துவமனை, கூடுதல் பணமில்லை, ஜப்பானிய வாகன நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. தாதியரும் சிற்றூழியரும் வேலை முன்னேற்றக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். மருந்து அலமாரியில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அதைத் தினம் திறக்கும் கையே முடிவு செய்தது. இந்த முறையை ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகமையான ஜைகா 2007 முதல் 15 ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கு எடுத்துச் சென்றது. அந்நாட்டு அதிகாரிகள் கொழும்புக்கு வந்து கற்றார்கள். ஆடைத் தொழிலிலும் இதே பரவல்தான். 2004 முடிவில் உலக ஆடை வர்த்தகத்தின் கோட்டா முறை ஒழிந்ததும், மலிவு விலையில் மட்டும் சீனாவோடு மல்லுக்கட்ட முடியாது என்று இலங்கை ஆலைகளுக்குத் தெரிந்தது. எம்.ஏ.எஸ். நிறுவனம் டொயோட்டா முறையைத் தழுவித் தனக்கென ஓர் இயக்க முறையை அமைத்துக்கொண்டது. மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குழுத் தலைவராகும் ஏணி கிடைத்தது. அலுவலகம், பாடசாலை, வைத்தியசாலை என்று எல்லாத் தரப்பையும் தேசிய உற்பத்தித்திறன் செயலகம் ஒரே போட்டிக்குள் கொண்டுவந்தது. அகலத்தில் இந்தியாவால் இதைத் தொட முடியவில்லை. ஆழம் வேறு விஷயம். குழு தீர்மானிக்கக்கூடியது அலமாரியையும் தையல் வரிசையையும் மட்டுமே. மருந்து வாங்குவது அமைச்சின் கையில். ஆடையின் விலையும் கெடுவும் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளரின் கையில். எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் போன்றவை வடிவமைப்பிலும் ஆராய்ச்சியிலும் இறங்கியது உண்மை. ஆனால் அந்தச் சிந்தனை தலைமையகத்தில் நடந்தது. வரிசைத் தலைவியிடம் பந்து வந்தபோது, திருப்பி எறிய அவருக்கு மேலே ஒரு கை இருந்ததா என்பதே என் கேள்வி.

இந்த இரு பாதியையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. பாடியின் பெரிய நிறுவனம் செய்யலாம், கும்மிடிப்பூண்டியின் சிறு ஆலைக்கு ஏது பணமும் நேரமும் என்பார்கள். காசல் வீதியின் அனுபவமே இதற்குப் பதில். பிரசவ அறையை விட நேரம் குறைந்த இடம் எதுவும் இல்லை. இன்னொரு மறுப்பு கனமானது. தர வட்டங்களும் ஐந்து எஸ்ஸும் பல இடங்களில் விருதுக்கான சடங்காகிவிட்டன. நடுவர்கள் வரும் வாரம் தரையில் மஞ்சள் கோடு அடிப்பார்கள், அவர்கள் போனதும் அது அழிந்துவிடும். இதை நான் மறுக்கமாட்டேன், இரு நாட்டிலும் நடப்பது. ஆனால் அது ஏன் சடங்காகிறது என்று பார்க்க வேண்டும். கீழிருந்து வரும் யோசனைக்கும் மேலே நடக்கும் வாங்குதல், முதலீடு, ஆள் சேர்ப்பு ஆகியவற்றுக்கும் தொடர்பே இல்லாதபோதுதான் கோடு வெறும் கோடாக மிஞ்சுகிறது. வழிகாட்டி வேண்டும் என்று இடுக்கி பிடிப்பவர் சொன்னதும் ஸ்டோரின் குறைந்தபட்ச இருப்பு மாறினால், மறுநாள் அவர் தானாகவே பேசுவார். கான்ட்ராக்ட் ஆள் தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிடுவார், அவருக்கு ஏன் கற்றுத்தர வேண்டும் என்றும் கேட்பார்கள். இலங்கை அரசு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் இடமாற்றம் உண்டு; கட்டுநாயக்க ஆடை ஆலைகளில் பெண்கள் சில ஆண்டுகளில் திருமணமாகிப் போய்விடுவது வழக்கம். ஆனாலும் அங்கே அறிவு ஆளின் தலையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பலகையிலும் அலமாரியின் ஒட்டுச்சீட்டிலும் எழுதி வைக்கப்பட்டது. வந்து போகும் ஆட்கள் நிறைந்த இடத்துக்குத்தான் இது இன்னும் அவசியம்.

தொழிற்சங்கத் தரப்பின் மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். குழு, யோசனை, முன்னேற்றம் என்பதெல்லாம் அதே சம்பளத்தில் கூடுதல் வேலை வாங்கவும் சங்கத்தை ஓரங்கட்டவும் போட்ட திட்டம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இலங்கையின் சுதந்திர வர்த்தக வலயங்களில் 1990-களில் வளர்க்கப்பட்ட ஊழியர் சபைகள் மீது இதே குற்றச்சாட்டு எழுந்தது. அதில் உண்மையும் இருந்தது. இந்தியாவில் 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகமும் உட்காரும் பணிக்குழு வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே இடம் வைத்தது. 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. எத்தனை ஆலைகளில் அதற்கு உயிர் இருக்கிறது? 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் வேலையைத் தர வட்டம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சம்பளமும் பாதுகாப்பும் சங்கத்தோடு பேசித் தீர்க்கப்பட்ட இடத்தில்தான் தொழிலாளி தன் யோசனையை அச்சமின்றிச் சொல்வார். ஒரு யோசனையால் நாலு பேர் வேலை மிச்சமானால் அந்த நாலு பேரை வெளியே அனுப்பமாட்டோம் என்ற எழுத்துபூர்வமான உறுதி இல்லாமல் மேலாளர் யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு சுவர் மொழி. இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்த பின் எம்.ஏ.எஸ். கிளிநொச்சியில் தொடங்கிய ஆலைக்கு வானவில் என்று தமிழில் பெயர் வைத்தார்கள். கொழும்பில் தலைமையகம் உள்ள நிறுவனம், தான் வேலைக்கு எடுப்பவர்களின் மொழியில் தன்னை அழைத்துக்கொண்டது. சிறிய செயல்தான், ஆனால் சரியான பக்கத்திலிருந்து தொடங்கிய செயல். நம் ஆலைகளில் ஷிஃப்ட் பலகை ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. அதன் முன்னால் நிற்பவர் இந்தி அல்லது ஒடியா பேசுபவர். மேலாளர் கற்க வேண்டிய முதல் பாடம் ஓட்டல் அறையில் இல்லை. மில்லில் புழங்கும் இருநூறு சொற்களை அவர் இந்தியில் கற்றுக்கொள்ளட்டும். பலகையில் படமும் நிறமும் வரட்டும். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம், போகிறவரும் வருகிறவரும் அங்கே நிற்கட்டும். இடுக்கி பிடிப்பவர் முதலில் பேசட்டும், மேலாளர் கடைசியில். அவர் சொன்னதில் ஒன்றையாவது மேலாளர் வாரக் கூட்டத்துக்கு எடுத்துப்போய், மின்கட்டணக் கணக்கோடும் முதலீட்டுத் திட்டத்தோடும் சேர்த்து வைத்து, வந்த பதிலை அதே பலகையில் எழுதட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று கான்ட்ராக்டரின் பில்லில் ஒரு வரி சேர்த்துவிட்டுத் தொடங்கட்டும்.