லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் ஃபர்ம்வேர்: எந்தக் கருவியை நம்பிக் கைவைக்கலாம்?

ஹார்ட் டிஸ்க்குக்குள் தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. படிக்கும் தலை எப்போது நகர வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும், கெட்டுப்போன செக்டருக்குப் பதில் எங்கே எழுத வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதில் ஓடும் ஃபர்ம்வேர். அதில் பிழை இருந்தால் உபுண்டுவோ டெபியனோ தானாக அதைச் சரிசெய்துவிட முடியாது. கம்பெனி தரும் திருத்தமோ பெரும்பாலும் விண்டோஸ் புரோகிராமாகவோ பழைய டாஸ் புரோகிராமாகவோதான் வருகிறது. லினக்ஸ் மட்டுமே வைத்திருப்பவர் என்ன செய்வார்? இதற்கென இருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவிகளை என் டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்த்தேன்.

ஃபர்ம்வேரை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அவர்கள் விற்ற சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும். உள்ளே இருக்கும் டேட்டாவை மீட்க முடியாது. அந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. மணிக்கணக்கை வைக்க ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தால் இப்படி ஆகும். அதைச் சரிசெய்ய லினக்ஸில் ஓடும் கருவியையும் அவர்கள் கொடுத்தார்கள். கடையில் ஒற்றை டிஸ்க் வாங்கும் நமக்கு அந்த மரியாதை எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் ஓட்ட வேண்டியது ஸ்மார்ட்மான்டூல்ஸ். அதிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் டிஸ்க்கின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணி நேரம் எல்லாவற்றையும் காட்டும். அதோடு, பிழையுள்ள ஃபர்ம்வேர்களின் பட்டியல் ஒன்றும் அதில் இருப்பதால், உங்கள் டிஸ்க் அதில் இருந்தால் எச்சரிக்கும். அப்படி எச்சரிக்கப்படும் மாடல்களில் ஒன்று சாம்சங்கின் ஸ்பின்பாயின்ட் எஃப்4 வரிசையில் வந்த எச்டி204யுஐ. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது ஸ்மார்ட்சிடிஎல் ‘நீ யார்’ என்று கேட்டாலே எழுதிய டேட்டா தொலைந்துபோகக் கூடிய பிழை அதில் இருந்தது. திருத்தம் வந்தது, ஆனால் ஃபர்ம்வேரின் பதிப்பு எண்ணை மாற்றவில்லை. செகண்ட் ஹாண்டில் அந்த டிஸ்க்கை வாங்குபவர் அது திருத்தப்பட்டதா இல்லையா என்பதைப் பதிப்பு எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு கம்பெனி செய்யக் கூடாத காரியம் இது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்துப்போன ஐடில்3-டூல்ஸ். வெஸ்டர்ன் டிஜிட்டல் கிரீன் டிஸ்க்குகள் 8 வினாடி சும்மா இருந்தால் தலையை ஒதுக்கிவிடும். லினக்ஸோ அவ்வப்போது லாகில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். ஒதுங்குவதும் திரும்புவதுமாகவே டிஸ்க்கின் ஆயுள் கழியும். நிமிடத்துக்கு 2 தடவை என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 2,880. இந்த வகை டிஸ்க்குகள் தாங்கும் அளவு 3 லட்சம் முதல் 10 லட்சம் தடவை என்கிறது ஹெச்டிபார்ம் என்ற லினக்ஸ் டிஸ்க் கருவியின் கையேடு. நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டரில் 3 லட்சம் மூன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் பட்டியலில் 193-ஆம் எண்ணைப் பாருங்கள். இந்தக் கணக்கு அங்கேதான் ஏறும்.

இந்த 8 வினாடியை மாற்ற அந்தக் கம்பெனி கொடுத்தது டாஸில் ஓடும் ஒரு புரோகிராம். ஐடில்3-டூல்ஸில் உள்ள ஐடில்3சிடிஎல் அதே வேலையை லினக்ஸ் டெர்மினலிலேயே செய்கிறது. பழைய கிரீன் டிஸ்க் ஒன்றில் ஓட்டியபோது டைமர் 80 என்று காட்டியது. பத்தில் ஒரு வினாடிக் கணக்கு, அதாவது 8 வினாடி. பெரிய எண்களுக்குக் கணக்கு வேறு: 138 என்று கொடுத்தால் 300 வினாடி ஆகிவிடும். பவரை முழுதாக நிறுத்திப் போட வேண்டும், ரீபூட் மட்டும் போதாது என்று அதுவே திரையில் சொல்கிறது. சொன்னபடி செய்தேன், 193 ஏறும் வேகம் அடங்கிவிட்டது. டிஸ்க்கை மதர்போர்டில் நேரடியாக மாட்டிச் செய்யுங்கள். யுஎஸ்பி பெட்டிகள் பல இந்தக் கட்டளைகளை டிஸ்க்குக்குக் கடத்துவதில்லை.

டைமரை மாற்றும் வசதி ஹெச்டிபார்மிலும் உண்டு. அதில் ஃபர்ம்வேர் ஃபைலையே டிஸ்க்குக்கு அனுப்பும் ஆப்ஷனும் உண்டு. ஆனால் ‘என் டிரைவை அழித்துவிடு’ என்ற பொருளில் இன்னொரு ஆப்ஷனையும் சேர்த்து எழுதினால்தான் அது நகரும். கையேட்டிலேயே ‘இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று போட்டிருக்கிறது. நான் அதைத் தொடவில்லை, நீங்களும் தொட வேண்டாம்.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. ஓப்பன்சீசெஸ்ட் என்ற கருவித் தொகுப்பின் சோர்ஸை அந்தக் கம்பெனியே மொசில்லா லைசென்ஸில் திறந்து வைத்திருக்கிறது. ரூட்டாக ஓட்டி விவரம் கேட்டால், டிஸ்க் ஃபர்ம்வேரை ஒரே மூச்சில் வாங்குமா, துண்டு துண்டாக வாங்குமா என்பதுவரை சொல்லிவிடுகிறது. முகம் பார்க்க அழகில்லை, ஆப்ஷன்கள் நீளம். ஆனாலும் டிஸ்க்கைச் செய்தவனே எழுதிய கோடு என்பதால் இதை ஓட்டும்போது மனசில் பயம் இல்லை.

எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்களுக்கு எஃப்டபிள்யூஅப்டி. ரெட் ஹாட்டின் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய இதில், கம்பெனிகள் எல்விஎஃப்எஸ் என்ற பொதுக் கிடங்கில் ஃபர்ம்வேரை ஏற்றி வைக்கின்றன. கையெழுத்தைச் சரிபார்த்து, நம் கருவிக்கு உரியதை மட்டும் இறக்கிப் போடுகிறது. க்னோம் சாஃப்ட்வேரில் மற்ற அப்டேட்களோடு இதுவும் வந்து நிற்கும். இதைவிடச் சுலபமாக இந்த வேலையைச் செய்ய முடியாது. குறை ஒன்றுதான்: தனியாக விற்கும் சேட்டா ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அங்கே ஃபைல் கிடைப்பது அரிது.

என் தீர்ப்பு இது. எஃப்டபிள்யூஅப்டியில் ஃபைல் இருந்தால் அதிலேயே போடுங்கள். சீகேட் என்றால் ஓப்பன்சீசெஸ்ட். பழைய கிரீன் டிஸ்க்குக்கு ஐடில்3சிடிஎல். எதுவானாலும் முழு பேக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். புதிதாக எஸ்எஸ்டி வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் எல்விஎஃப்எஸ் பட்டியலில் அந்தக் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். விலையும் வாரண்டியும் ஒன்றாக இருந்தால், பட்டியலில் இருப்பவரிடமே வாங்குங்கள்.