மறைக்க முடியாததை மறைப்பது

2025 மே 3 அன்று, மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரிலிருந்து, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஆகாயக் கப்பல் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் உயரம் வரை போய் 62 நிமிடம் பறந்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் பறந்து முடிந்த பிறகே நமக்குச் சொன்னார்கள். முதலில் சோதனை, சரிவந்தால் செய்தி என்ற இந்த வழக்கத்தை எடைபோட வேண்டியிருக்கிறது.

மௌனத்துக்கு நியாயம் உண்டு. ஹீலியத்தால் மிதக்கும் இந்தக் கலம் எளிதில் கைவராது. தரைமட்டத்தில் ஒரு கனமீட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிலோவைத் தூக்கும். 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் நூற்றுச் சொச்சம் கிராம்தான். ஆகவே உறை பிரம்மாண்டமாக வேண்டும், துணி லேசாக வேண்டும், சிறு கசிவும் ஆகாது. இப்படிப்பட்ட கலம் முதல் முயற்சிகளில் தோற்பது இயல்பு. பரிகாசத்துக்குப் பயந்து வேலை செய்தால் எதுவும் உருப்படாது. உள்ளே இருக்கும் கண்காணிப்புக் கருவிகள் ரகசியமாக இருக்கவேண்டியவையும்கூட.

கலத்தை மறைக்கத்தான் வழியில்லை. கீழே பொழுது சாய்ந்து கால் மணி நேரம் வரை அதன்மேல் வெயில் படும். இருண்டுவரும் வானில் அது மட்டும் வெள்ளையாக மின்னும். பார்த்தவர்களுக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவர்களே ஒன்றைச் சொல்லிக்கொள்வார்கள். 1950களில் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறந்தபோது பறக்கும் தட்டுப் புகார்கள் குவிந்தன. விசாரித்த அதிகாரிகள் உண்மையைச் சொல்ல முடியாமல் இயற்கை நிகழ்வு என்றார்கள். பிற்பாடு அரசு சொன்ன உண்மையையும் பலர் நம்ப மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

ஊகத்தை இளக்காரமாகப் பார்ப்பதும் தவறு. 2022 ஜனவரியில் அந்தமான் வானில் தெரிந்த வெள்ளைப் பொருளைப் படம்பிடித்தவர்கள் பொதுமக்கள்தான். மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா தன் வானில் வந்த சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய பிறகே, இதுவும் அதுபோன்றதோ என்று அந்தப் படங்களுக்கு மதிப்பு வந்தது.

வேறு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தரமணி ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த தனியார் நிறுவனமான அக்னிகுல், தன் சோதனை ராக்கெட்டை ஏவ நாள் குறித்து, நான்கு முறை ஒத்திவைத்தது. ஒத்திவைத்ததை ஊரறியச் சொன்னது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது பறந்தது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடவில்லை.

தனியார் ராக்கெட்டும் ராணுவக் கலமும் ஒன்றா என்று கேட்கலாம். சரி, பலூனையே எடுத்துக்கொள்வோம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் தளம், பலூனின் கருவிகள் எந்தெந்த மாவட்டங்களில் இறங்கலாம் என்று முன்பே நாளிதழ்களில் அறிவிக்கிறது. பெட்டியில் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பிரிக்காமல் தகவல் கொடுப்பவருக்கு வெகுமதி. 2022 டிசம்பரில் அங்கிருந்து கிளம்பிய ஸ்பெயின் நிறுவனமொன்றின் விண்கூண்டு விகாராபாத் பக்கம் வயலில் இறங்கியபோது ஊரே மிரண்டு திரண்டது உண்மை. ஆனால் விசாரிக்க ஓர் இடம் இருந்ததால் விவரம் சீக்கிரம் தெரிந்துவிட்டது.

டிஆர்டிஓ முன்கூட்டியே இவ்வளவு சொன்னால் போதும்: நாள், நேரம், எந்த வட்டாரம், எந்த எண்ணில் கேட்பது. கருவி பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எல்லையோரச் சோதனைக்கு இது பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஷியோபூர் எல்லையில் இல்லை.