ஆங்கிலப் பெயர்ப்பும் சித்தாந்தப் பரிபாஷையும்

நூல்வகை கூறப்புகுந்த தொல்காப்பியர், வழிநூலை நான்காக வகுத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பையும் ஒன்றாக எண்ணினார். மொழிபெயர்ப்பென்பது நூல்செய்தலின் ஒரு வகையேயன்றி, ஒரு சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்து மற்றொரு சொல்லை வைக்கும் கைத்தொழிலன்று என்பது இதனாற் பெறப்படும். நூல்செய்வானுக்கு வேண்டும் பொறுப்பனைத்தும் மொழிபெயர்ப்பானுக்கும் வேண்டும். இதனை உளங்கொண்டு, சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தோர் ஆண்ட சில சொற்கள் எத்தகையன என்பதும், அவை தமிழ்நாட்டிற்கே மீண்டு வந்து செய்யும் விளைவு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் தலைமை வகித்த ஹாய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார், தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் ஆங்கிலப்படுத்தினார். அவை 1854-இல் அமெரிக்கக் கீழ்நாட்டுக் கலைச்சங்கத்தாரது வெளியீட்டில் அச்சாயின. 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சிவஞானபோதத்தை விளக்கக் குறிப்புக்களுடன் பெயர்த்தார். 1897-இல் சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். 1913-இல் சித்தியாரின் பெயர்ப்பை வெளியிட்டார். ஆக்ஸ்போர்டிற் கற்பித்துவந்த போப்பையரது திருவாசகப் பெயர்ப்பு 1900-இல் வெளிவந்தது. 1912-இல் ஷோமெரஸ் என்னும் ஜர்மானியர் தம் மொழியிற் சித்தாந்தத்தைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1948-இல் கார்டன் மாத்யூஸ் சிவஞானபோதத்தை மீண்டும் ஆங்கிலமாக்கினார். அதன்பின் 1960-இல் தேவசேனாபதி சித்தியாரையும் அதன் அறுவர் உரைகளையும் ஆராய்ந்து எழுதிய நூலும், 1973-இல் சிவராமன் எழுதிய நூலும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அடிப்படையாயின. இவ்வாறு நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக இத்துறையில் உழைத்தோர் பலர். அவர் உழைப்பு போற்றத்தக்கதே.

ஆயினும் அவ்வுழைப்பைத் தமிழர் ஏற்றுக்கொண்ட முறை ஆராயத்தக்கது. போப்பையர் சித்தாந்தத்தை இந்தியச் சமயங்களுள் மிக உயர்ந்ததாக மதித்து எழுதினார். அவ்வொரு மதிப்புரை மேடைதோறும் மலர்தோறும் எடுத்தோதப்பட்டு வந்துள்ளது. அதனை ஓதியவருட் பலர், அவர் பெயர்த்த பாட்டிற்கும் மூலத்திற்கும் உள்ள இயைபை ஒருகாலும் நோக்கினாரல்லர். பிறர் தரும் நற்சான்று ஒருவனுக்குப் பெருமை தரலாம். அச்சான்றிதழே அவன் பெயரையும் குலத்தையும் அவனுக்கு அறிவிக்கும் நிலை வருமாயின், அது பெருமையாகாது. தன் சமயம் இன்னது என்பதனைப் பிறமொழிச் சொல்லாற் கேட்டறிபவன், அச்சொல் தாங்கிவரும் பிறசமயப் பொருளையும் உடன் ஏற்கின்றான். ஆகலின் அச்சொற்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதற்கண் நூற்பெயரே சான்றாகும். ஹாய்சிங்டன் சிவஞானபோதம் என்னும் பெயரைக் 'கடவுளை அறியும் அறிவில் உபதேசம்' என்னும் பொருள்பட ஆங்கிலமாக்கினார். இதனுட் குற்றம் யாதெனின், கடவுள் ஈண்டு அறியப்படும் பொருளாகவும், உயிர் அறிவானாகவும் நிற்கின்றமையாம். அந்நூலின் ஆறாஞ் சூத்திரமோ, சுட்டியறியப்படுவன யாவும் அசத்தென்றும், எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியமென்றும் விலக்கி, சிவம் அவ்விரண்டும் அன்றென நிறுவுகின்றது. ஒன்பதாஞ் சூத்திரம், பாசஞானத்தானும் பசுஞானத்தானும் அறியப்படாத பதி, பதிஞானமாகிய கண்ணானே காணப்படும் என்கின்றது. எனவே நூலின் நடுவே மறுக்கப்படும் சுட்டறிவு, பெயர்ப்பில் நூலின் முகப்பிலேயே பெயராக நின்றுவிட்டது.

இனி மலம் என்னும் சொல்லை நோக்குவாம். இதனை 'ஸின்' என்னும் ஆங்கிலச் சொல்லாற் பெயர்ப்பார் உளர். அச்சொல் விவிலிய வழக்கில் இறைவன் ஆணையை மீறிய குற்றத்தைக் குறிக்கும்; அஃது ஒருகாலத்துத் தொடங்கியது; செய்தான் ஒருவனை உடையது. ஆணவமலமோ அநாதி; எவராலும் செய்யப்படாதது; செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் போல உயிரோடு உடன் இருப்பது. குற்றமான செயல் என்பது சித்தாந்தத்திற் கன்மமலத்தின் ஒரு கூறாகிய தீவினையுள் அடங்கும். அக்கன்மத்துள் நல்வினையும் உண்டு, அதுவும் தளையே. இரும்பு விலங்கும் பொன் விலங்கும் விலங்காதலில் வேற்றுமையிலவன்றோ? நல்வினையையும் உள்ளடக்கிய மலத்தைக் குற்றம் என்னும் சொல்லாற் கூறுங்கால், இருவினையொப்பு என்னும் கோட்பாடே பொருளற்றதாய்விடும். புண்ணியத்தினும் பற்றொழிதல் வேண்டும் என்பது அப்பெயர்ப்பைக் கற்பானுக்கு விளங்க வழியில்லை.

இதனினும் பெரிய பிழை ஆணவத்தை 'ஈகோயிசம்' என்றும், 'ஈகோ' என்றும் கூறுதலாம். இப்பெயர்ப்பே இன்று மிகப் பரந்து வழங்குகின்றது. ஆணவம் என்னும் சொல் அணு என்பதனடியாக வந்தது. இயல்பில் வியாபகமாகிய உயிரை அணுத்தன்மைப்படுத்துவது என்பது அதன் பொருள். உயிர் ஆணவம் ஒன்றனோடு மாத்திரம் கூடி நிற்கும் நிலை கேவலம் எனப்படும். அந்நிலையில் அறிவும் இச்சையும் செயலும் விளக்கமின்றிக் கிடத்தலின், 'யான்' என்னும் உணர்வு தானும் ஆண்டு இல்லை. 'யான்' என்று எழுவது அகங்காரம். அது மனம், புத்தி, சித்தம் என்பவற்றோடு எண்ணப்படும் அந்தக்கரணம், பிரகிருதிமாயையின் காரியம். மாயையின் காரியங்களோ இருளிடத்து ஏற்றிய விளக்குப்போல, ஆணவத்தால் மறைப்புண்ட உயிருக்குச் சிறிது அறிவு விளங்கும்படி உதவுவன. ஆகவே 'ஈகோ' என்னும் சொல் இருளுக்குப் பெயராகாது, அவ்விருளிற் கொடுக்கப்பட்ட விளக்கிற்கே பெயராகின்றது. நோயின் பெயரை மருந்திற்கு இட்டவாறு இது.

அற்றேல், மதம் என்னும் செருக்கினை ஆணவத்தின் குணங்களுள் ஒன்றாக நூல்கள் எண்ணுகின்றனவே. உலகவழக்கிலும் செருக்குடையானை ஆணவம் பிடித்தவன் என்கின்றனரே. ஆகலின் அப்பெயர்ப்புப் பொருந்துமெனின், பொருந்தாது. அக்குணங்கள் உயிர் சகலநிலையிற் கருவிகளோடு கூடியவழி வெளிப்படும் காரியங்கள். வெப்புநோயுற்றானுக்கு நாக் கைத்தல் கண்டு, அந்நோய்க்கு நாக்கைப்பு என்றே பெயரிடுதல் மருத்துவ முறையாகாது. உலகவழக்கு ஒரு குறியைக் கண்டு சொல்லை ஆண்டது. சாத்திர வழக்கு காரணத்தைக் கண்டு ஆண்டது. இரண்டனையும் ஒன்றாக்குதல் மொழிபெயர்ப்பானுக்குத் தகாது. நல்லசாமிப் பிள்ளை ஆணவம், மலம் என்னும் சொற்களை ஆங்கில எழுத்தில் அவ்வாறே நிறுத்திக் குறிப்பெழுதிய இடங்கள் பல. அவர் முறை இவ்வகையிற் சிறந்தது. மேனாட்டுப் புலவர் கருத்துக்களையும் விவிலியத்தையும் அவர் மிகுதியாக ஒப்பிட்டுச் செல்லுதலின், ஒப்புமை உள்ளவாறே வேற்றுமையும் உண்டென்பதைக் கற்பார் சிலவிடத்து மறத்தற்கு இடமுண்டாயிற்று என்பதும் உண்மையே.

பசு என்பதனை மந்தை என்று பெயர்த்தாரும் உளர். மேய்ப்பனும் ஆட்டு மந்தையும் கிறிஸ்தவ நூல்களிற் பெருவழக்கான உவமை. அம்மந்தை கயிற்றாற் கட்டப்படுவதன்று. பாசம் என்னும் கயிறின்றிப் பசு என்னும் பெயர் இல்லையாதலின், அப்பெயர்ப்பில் மூன்றாம் பொருளுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அருள் என்பதற்கு வழங்கும் 'கிரேஸ்' என்னும் சொல் இவற்றினும் நெருங்கியது. போப்பையர் திருவாசகத்தில் இச்சொல்லை ஆண்டதும், திருவருட்பயனைப் பெயர்த்து அந்நூலோடு சேர்த்ததும், அவர் உள்ளம் மூலத்தோடு உருகிய உருக்கத்தைக் காட்டுவன. தகுதி நோக்காது இறைவன் தருவது என்னும் அளவில் இரண்டும் ஒத்து நடக்கும். அதற்கு அப்பால் வழி பிரியும். அருள் என்பது சிவத்தினின்றும் வேறாகத் தரப்படும் கொடையன்று. ஞாயிற்றிற்கு ஒளி போலச் சிவத்தின் பிரிவிலாச் சத்தி. அச்சத்தியே பக்குவம் வருமளவும் மலத்திற்கு அநுகூலமாய் நின்று மறைத்தலைச் செய்து, திரோதானம் எனப் பெயர் பெறுகின்றது. மலத்தைத் தொழிற்படுத்துதல் பற்றி அதனையும் உபசாரத்தால் மலமென எண்ணுவர். மறைத்தலும் அருள், ஒறுத்தலும் அருள் என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலை. 'கிரேஸ்' என்னும் சொல்லால் மாத்திரம் இதனைப் படிப்பவன், அருளை மலமென்று ஓரிடத்து எண்ணுதல் கண்டு நூலுள் முரண்பாடு உண்டென்றே கருதுவான். முரண்பாடு நூலிலன்று, சொல்லில் உள்ளது.

அத்துவிதம் என்னும் சொல்லின் நிலையும் இதுவே. மெய்கண்டார் கருத்தில் அச்சொல்லின் எதிர்மறை இன்மைப் பொருளையும் மறுதலைப் பொருளையும் உணர்த்தாது, அன்மைப் பொருளை உணர்த்தும். இரண்டு பொருள் இல்லை என்பது கருத்தன்று. இரண்டாய் வேறுநில்லாது, பொருளால் வேறாயினும் கலப்பினால் ஒன்றாய் நிற்கும் என்பது கருத்து. ஆங்கிலத்திலோ ஒருமைவாதம், இருமைவாதம், பன்மைவாதம் என மேனாட்டார் முன்னரே அமைத்துவைத்த அறைகள் உள. சித்தாந்தம் எவ்வறையிற் புகும் என்னும் வினா எழுந்தது. ஒருவர் ஒன்றென்றார், மற்றொருவர் பலவென்றார். 1980-ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதும் சைவரிடையே ஒருமைவாதம், பன்மைவாதம் என்னும் பெயர்களாலேயே பெரியதொரு வழக்கு நிகழ்ந்தது. அதற்கு அடியில் ஐக்கவாதம் முதலிய பழைய கருத்து வேற்றுமையும் உண்டு. ஆயினும் வழக்கின் மொழி பிறர் மொழியாதலின், அன்மைப் பொருள் என்னும் நுட்பம் இரு சாரார் கையினும் நழுவிற்று.

இனி, இவை ஆங்கிலம் கற்பார்க்கு உரிய செய்திகள். தமிழில் ஓதுவார்க்கு இவற்றான் வரும் இழுக்கு யாதெனின், கூறுதும். இக்காலத்துத் தமிழிலேயே எழுதப்படும் சமய நூல்களிலும் சொற்பொழிவுகளிலும், ஆணவமாவது 'நான்' என்னும் செருக்கு என்றும், அதனை ஒழித்தலே முத்தி என்றும் விளக்கம் காணப்படுகின்றது. தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்று, அங்குப் பிறிதொரு பொருள் பெற்று, அப்பொருளோடு வீடு திரும்பியது. உலகவழக்கும் அதற்குத் துணையாயிற்று. இதன் விளைவு சிறிதன்று. ஆணவம் செருக்கேயாயின், தன்னைத் தானே அடக்கிக் கொள்பவனுக்கு அது நீங்கிவிடும். குருவும் தீக்கையும் சத்திநிபாதமும் வேண்டா. சித்தாந்தமோ, ஆணவம் ஒரு பொருளாதலின் எண்ணத்தால் அழியாது, முத்தியினும் தன் சத்தி கெட்டு அடங்கி நிற்கும் என்றும், கண்ணிற் படலத்தைக் கண்தானே உரித்துக் கொள்ளமாட்டாதவாறு போல உயிர் தானே அதனை நீக்கமாட்டாது என்றும் கூறும். ஒரு சொல்லின் பிழை, வழிபாட்டின் வேரையே அசைக்கின்றது.

அங்ஙனமாயின் மொழிபெயர்த்தலே ஆகாதெனக் கொள்ளவேண்டுமோ எனின், அற்றன்று. பிறமொழி ஆராய்ச்சியை முற்றும் வெறுத்தலும், அதனை முற்றும் நம்புதலும் ஒரு தன்மையவே, இரண்டும் ஆராயாமை. மாயை, தத்துவம், கன்மம் முதலிய வடசொற்களைத் தமிழ்ச் சித்தாந்திகள் கையாண்ட முறையே இதற்கு வழிகாட்டும். அவர் அச்சொற்களைத் தமிழ் எழுத்திற்கு இயையக் கொண்டனர். வேறு சொல் தேடி இடர்ப்பட்டிலர். கொண்டபின் கருத்துரையானும் ஏதுவானும் எடுத்துக்காட்டானும் அவற்றின் பொருளை நிறுவினர். அதுபோல, ஆங்கிலம் எழுதுவாரும் ஆணவம், கன்மம், மாயை, அருள், அத்துவிதம் என்பவற்றை அவ்வாறே நிறுத்தி, நூலின் தத்துவ வரிசையில் ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைக் காட்டி விளக்குதல் தகும். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருட் சிறந்தோர் இந்நெறியையே மேற்கொண்டுள்ளனர்.

பெயர்ப்பின் நன்மை தீமைகளை அளக்க ஒரு கருவியும் சித்தாந்த நூலுள்ளேயே உண்டு. அது சித்தியாரின் பரபக்கம். ஆங்கிலத்தில் எழுதிய சித்தாந்த வாக்கியத்தை மீண்டும் தமிழாக்கி, அதனைப் பரபக்கத்தில் மறுக்கப்பட்ட யாரேனும் ஒருவர் தம் கொள்கையென ஏற்பரோ என்று நோக்குக. அத்துவிதமாவது இரண்டின்மை என்னும் பெயர்ப்பை மாயாவாதி தன்னதென்று ஏற்பான். 'யான்' என்னும் உணர்வே தளை, அதன் அழிவே வீடு என்னும் பெயர்ப்பைப் புத்தன் ஏற்பான். மறுக்கப்பட்டவன் மகிழ்ந்து ஏற்கும் வாக்கியம், மறுத்தவனது கொள்கையாதல் எங்ஙனம்? இச்சோதனைக்கு ஆங்கிலப் புலமை மாத்திரம் போதாது. மூலத்தை உரையோடு ஆசிரியன்பாற் கேட்ட பயிற்சியும் வேண்டும்.

ஆதலின் தமிழர் தம் சமயத்தின் இயல்பைப் பிறர் புகழுரையிலும் பிறர் சொல்லிலும் தேடுதலினும், மூலத்தையும் உரையையும் முதற்கண் ஓதி, அதன்பின் அப்பெயர்ப்புக்களை நன்றியோடும் விழிப்போடும் கற்றலே முறை. போப்பையரும் ஹாய்சிங்டனும் தமிழைத் தமிழாசிரியரிடத்தே கற்ற பின்னரே பெயர்க்கப் புகுந்தனர். பிறமொழியாளர் கடைப்பிடித்த அவ்வரிசையைத் தமிழர் தலைகீழாக்குதல் தக்கதன்று.